சமவெளியில் ஒரு மேடு

ஒன்பது திருப்பதிகளை ஒரே நாளில் கண்டு திரும்பலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் ஒன்பது கோபுரம், ஒன்பது தீர்த்தம், ஒன்பது உண்டியல். தாமிரபரணியின் இரு கரைகளிலும் எந்த ஊரில் பெருமாள் நிற்கிறார், எந்த ஊரில் அமர்ந்திருக்கிறார், எந்த ஊரில் படுத்திருக்கிறார் என்பதற்கெல்லாம் வழிப்படம் உண்டு, வழிகாட்டி உண்டு, வண்டி உண்டு, நேரப்பட்டியல் உண்டு.

நிற்கிறவருக்கும் படுத்திருக்கிறவருக்கும் பொங்கல் படைக்க நெல் விளைகிறதே, அந்த நெல்லுக்கு நீர் எந்தக் குளத்திலிருந்து வருகிறது? அந்தக் குளத்தின் மடையைத் திறப்பவர் யார்? அவர் வீட்டுப் பெண் எந்தத் தெரு வழியே பள்ளிக்குப் போகிறாள்? இதற்கு ஒரு வழிப்படம் தேடினோம். கிடைக்கவில்லை.

கிடைக்காததை நாமே வரைந்தால் என்ன என்று, தூத்துக்குடியில் எங்கள் படிப்பகத்தைச் சேர்ந்த நால்வர், 2025ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை விடியலில், நான்கு மிதிவண்டிகளில் புறப்பட்டோம். நால்வரில் இருவர் பள்ளி ஆசிரியர்கள். ஒருவர் உப்பளத் தொழிலாளியின் மகன், சட்டம் படிப்பவர். மற்றொருவர் செவிலியராகப் பணிபுரியும் தோழியர். இரண்டு நாள் பயணம். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. கோயில் கணக்கு அல்ல, குளக் கணக்கு. கையில் ஒரு கோடு போட்ட நோட்டு, காற்றடிக்கும் பம்பு ஒன்று, பஞ்சர் ஒட்டும் சாமான், நான்கு தண்ணீர்ப் புட்டிகள்.

மிதிவண்டியில் ஏன் என்று கேட்டவர் பலர். மோட்டாரில் போகிறவனுக்கு ஊர் என்பது ஒரு பெயர்ப் பலகை. நடந்து போகிறவனுக்கு ஒரு நாளில் இரண்டு குளத்துக்கு மேல் கிட்டாது. மிதிவண்டிக்காரன் கரையில் நின்று பேசவும் முடியும். பொழுது சாய்வதற்குள் அடுத்த ஊரைச் சேரவும் முடியும். இங்கிலாந்தில், பர்மிங்காம் நகரத்து இளைஞர்கள் சிலர் 1894இல் கிளாரியன் மிதிவண்டிக் கழகம் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டு நடத்திய 'கிளாரியன்' என்னும் சமதர்ம வார ஏட்டின் வாசகர்கள் அவர்கள். வாரமெல்லாம் உழைத்துவிட்டு, ஓய்வு நாளில் நாட்டுப்புறச் சாலைகளில் வண்டியோட்டிச் சென்று, ஏட்டைப் பரப்பினார்கள்; துண்டறிக்கை வழங்கினார்கள்; ஊர்ப் பொதுவிடத்தில் நின்று பேசினார்கள். பாதிரியார் மணியடித்து மக்களை அழைத்த அதே ஞாயிற்றுக்கிழமையில் இவர்கள் வண்டி மணியடித்து அழைத்தார்கள். நம் நாட்டில் கைப்பிடியிலே கொடி கட்டிய மிதிவண்டி எத்தனை கூட்டத்துக்கு ஆள் சேர்த்தது என்பதை மூத்த தோழர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

தூத்துக்குடி என்றதும் வெளியூர்க்காரர் கண்முன் நிற்பவை துறைமுகமும் உப்பும். வ. உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கழகம் கண்ட ஊர். அவர் பெயரையே இன்று பெருந்துறைமுகம் தாங்கி நிற்கிறது. வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். அவற்றின் அருகே கறுத்துப்போன கால்கள். ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பினால் வேறொரு நாடு தொடங்குகிறது. அது குளங்களின் நாடு. நகரத்தின் வாசலிலேயே கோரம்பள்ளம் குளம் கிடக்கிறது. அது இருப்பதையே நகரத்தவர் பலர் 2023 டிசம்பரில்தான் அறிந்தார்கள். குளம் தன் கரையை உடைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குள் வந்து அறிமுகம் செய்துகொண்டது.

இந்தக் குளத்துக்கு நீர் வரும் வழியைச் சொன்னால்தான் எங்கள் வழியும் விளங்கும். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணியை, கடலைச் சேருமுன் எட்டு அணைக்கட்டுகள் தடுத்து நிறுத்துகின்றன. கோடைமேலழகியான் முதலாவது, திருவைகுண்டம் கடைசி. (பலகை 'ஸ்ரீவைகுண்டம்' என்கிறது, நாங்கள் திருவைகுண்டம் என்றே எழுதுகிறோம்.) மற்றவை பழைய அரசர்கள் காலத்தவை. கடைசி அணை மட்டும் வெள்ளையர் ஆட்சியில் 1869இல் தொடங்கி, 1870களில் முடிந்தது. அதிலிருந்து வடகால் ஒன்றும் தென்கால் ஒன்றும் பிரிகின்றன. கால் என்றால் வாய்க்கால். வடகால் ஒரு குளத்தை நிரப்பும், அது நிறைந்ததும் அடுத்த குளத்துக்கு நீர் போகும், அங்கிருந்து அதற்கடுத்தது. இப்படியே வந்து வந்து, வரிசையின் கடைக்கோடியில் கோரம்பள்ளம். மேலே உள்ளவன் மிச்சம் வைத்தால்தான் கீழே உள்ளவனுக்கு. நீரிலும் நம் நாட்டில் மேல் கீழ் உண்டு என்றாலும், நீரின் மேல் கீழ் மண்ணின் சரிவால் வந்தது, பிறப்பால் வந்ததல்ல.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் குமரிக் கடலை ஒட்டிய காற்றுச் சுழற்சி இந்த நிலத்தின்மேல் நின்றுவிட்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் மழையை விட அது அதிகம். குளம் குளமாக உடைந்தது. வரிசையில் மேலே உள்ள குளம் உடைந்தால் அதன் சுமை கீழே உள்ள குளத்தின் தலையில் ஏறும்; அதுவும் உடையும். நல்ல காலத்தில் நீரைப் பங்கிட்டுக் கொடுத்த அதே சங்கிலி, கெட்ட காலத்தில் அழிவைப் பங்கிட்டது. ஊழ்வினை என்றார் சிலர். வருணன் கோபம் என்றார் சிலர். கரையில் எங்களோடு நின்ற முதியவர் ஒருவர், வாழைக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், சுருக்கமாகச் சொன்னார்: "மண்ணு மேவிக் கெடக்கு. குளத்துக்கு வயிறு சின்னதாப் போச்சு. சின்ன வயித்துக்குள்ள இம்புட்டுத் தண்ணி ஊத்தினா வெடிக்காம என்ன செய்யும்?" பள்ளிக்கூடம் போகாதவர். அவர் தந்த விடையில் ஆண்டவனுக்கு வேலை இல்லை.

வெள்ளம் சாதி பார்க்கவில்லை என்று அந்நாளில் பலர் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் பள்ளத்தில் குடியிருப்பவர் யார், மேட்டில் குடியிருப்பவர் யார் என்பதை வெள்ளம் வருமுன்பே வேறு ஒன்று பார்த்து முடித்திருந்தது. இடிந்த சுவர்கள் எந்தப் பகுதியில் மிகுதி என்று எண்ணினால் அது தெரியும்.

அத்திமரப்பட்டியின் வாழைத் தோட்டங்களைக் கடந்து, குலையன்கரிசல், கூட்டாம்புளி வழியாகச் சாலை மேற்கே போகிறது. இருபுறமும் உடைமரமும் சீமைக் கருவேலமும். சீமைக் கருவேல முள்ளுக்கு மிதிவண்டி டியூப் மேல் தனிப் பற்று. முதல் நாளிலேயே இருமுறை பஞ்சர். இரண்டாவது முறை ஒட்டித் தந்த கடைக்காரர், "எய்யா, நவதிருப்பதிக்கா போறிய?" என்றார். குளம் பார்க்கப் போகிறோம் என்றோம். "குளத்துல என்ன இருக்கு பாக்க?" என்று சிரித்தார். பிறகு, காசு வாங்கும்போது, தம் ஊர்க் குளத்தின் நீரளவையும், எந்த மடை பழுது, எந்த மறுகால் சரியில்லை என்பதையும் கால் மணி நேரம் விளக்கினார். பார்க்க ஒன்றுமில்லை என்றவர் மனத்தில் அவ்வளவு இருந்தது.

பேய்க்குளம் என்று ஒரு குளம். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பேய் இல்லை, நாமக்கோழிதான். சாயர்புரத்தில் சற்று நின்றோம். 1840களில் இங்கே கல்விக்கூடம் கண்டவர் ஜி. யூ. போப். பிற்காலத்தில் 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். சமயம் பரப்ப வந்தவர் தமிழைப் பரப்பிப் போனார் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடக்கலாம். ஆனால் இந்தப் பனங்காட்டில் அன்று எவருக்குப் பள்ளிக் கதவு மூடியிருந்தது, எவர் வந்து திறந்தார் என்பதையும் நினைக்கத்தான் வேண்டும்.

பெருங்குளம் பெயருக்கேற்றது. நண்பகல் வெயிலில் நீர் தகடாக மின்ன, கூழைக்கடாக்கள் தோணிகள் போல் மிதந்தன. தாமிரபரணிப் படுகைக் குளங்களில் 2011 முதல் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. தொண்டர்களும் மாணவர்களும் தொலைநோக்கியோடு கரையில் நின்று எண்ணுகிறார்கள். எங்கள் மாணவர்களையும் அடுத்த முறை அனுப்ப எண்ணியிருக்கிறோம். வாகனம் என்று கருடனுக்குக் கைகூப்பச் சொல்வதைவிட, பறவை என்று நாரையை எண்ணச் சொல்வது நல்ல பாடம். இந்தப் பெருங்குளத்திலும் ஒரு திருப்பதி உண்டு. அடியார்களின் வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கினார்கள், கும்பிட்டார்கள், ஏறினார்கள், போனார்கள். குளத்தின் பக்கம் ஒருவர் முகமும் திரும்பவில்லை.

அருகே சிவகளை. பரம்பு மேட்டில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தோண்டிய இடம். தாழியொன்றில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. நாங்கள் போவதற்குச் சில நாட்களுக்கு முன், 2025 ஜனவரி 23 அன்று, இங்கே கிடைத்த இரும்போடு சேர்ந்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். அறிஞர்கள் ஆராயட்டும், வாதிடட்டும். அதுதான் அறிவுத்துறைக்கு அழகு. எங்களுக்குத் தோன்றியது இது: பெருமை பேசும் மேடைகளில் இந்த இரும்பு இனிப் பல நாள் முழங்கும். ஆனால் அந்த இரும்பை உருக்கியவன், அந்த நெல்லை விளைத்தவன் எந்தத் தெருவில் இருந்தான் என்று தாழி சொல்லவில்லை. தாழிக்குச் சாதி தெரியாது. அப்படி ஒரு காலம் இந்த மண்ணில் இருந்ததா என்ற கேள்விதான் எங்களுக்கு இரும்பைவிடக் கனமாக இருந்தது.

இரவு திருவைகுண்டம். வைகுண்டம் போக இறக்க வேண்டியதில்லை. ஊருக்குள் செல்லும் சாலையே போதும். மறுநாள் விடியலில் அணைக்கட்டைப் பார்த்தோம். சுமார் 25,000 ஏக்கர் நிலம் இதை நம்பியிருக்கிறது. மணல் மேவிக் கிடந்த அணையைத் தூர்வார 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. தென்கரையில் புதுக்குடி, அங்கேதான் தொடர்வண்டி நிலையம். 2023 வெள்ளத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, சுமார் 800 பயணிகளோடு இந்த நிலையத்தில் சிக்கிக்கொண்டது. தண்டவாளத்தின் அடியிலிருந்த கல்லும் மண்ணும் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. மீட்பு வரும்வரை, தம் வீடும் நனைந்து கிடந்த ஊர்மக்கள் சமைத்துப் போட்டார்கள். யார் வீட்டு அரிசி, யார் கைச் சமையல் என்று அந்த இரண்டு நாள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். பதினொன்றாவதாக ஆசாரமும் பறந்திருக்கிறது.

ஆதிச்சநல்லூர் சென்று திரும்பினோம். 114 ஏக்கர் பரம்பு. 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி, கண்டதைப் பெர்லினுக்குக் கொண்டு போனார். பிறகு அலெக்சாந்தர் ரீ. பிறகு 2004, 2005இல் சத்தியமூர்த்தி. 2023 ஆகஸ்டு முதல் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று குழிக்குள் தாழிகளைப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒருமுறை காண வேண்டிய இடம். ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை ஆகியவற்றைத் தெருவழியே கடந்து, கடம்பாகுளத்தை அடைந்தோம். கடல்போல் கிடக்கிறது. கரையில் ஏறிப் பார்த்தால் எதிர்க்கரை ஒரு கோடு.

இனிச் சொல்லப் போவது ஓர் ஊரைப் பற்றி. பெயர் எழுதவில்லை. எழுதினால் அந்த ஊர் ஒன்றுதான் இப்படி என்று மற்ற ஊர்கள் நிம்மதியாகத் தூங்கும்.

எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பில் படிக்கும் பெண் ஒருத்தி அந்த ஊர். குளக்கரையை ஒட்டிய குடியிருப்பு. அவள் தந்தை மடைக்குடும்பர். குளத்தின் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் குடும்பத்துக்குத் தலைமுறைப் பணி. வெள்ளத்தன்று நள்ளிரவில் கழுத்தளவு நீரில் நின்று அடைப்பை நீக்கியவர் அவர். அரசு தரும் விலையில்லா மிதிவண்டி அவளுக்கும் கிடைத்திருக்கிறது. இந்தத் திட்டம் முதலில் 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பின்னர் எல்லா மாணவர்க்கும் ஆனது என்பதைத் தோழர்கள் அறிவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை; சிறப்பு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். கரையில் வேகமாக வந்தாள். பெரிய தெருவின் முனையில் இறங்கினாள். தள்ளிக்கொண்டே தெரு முழுவதும் நடந்தாள். மறுமுனையில் ஏறி மீண்டும் மிதித்தாள். பின்னால் வந்த நாங்கள் நால்வரும் தெருவில் வண்டியிலேயே வந்தோம். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுமுனையில் அவளை நிறுத்தி, ஏனம்மா இறங்கினாய் என்று கேட்டோம்.

"தெரு கொஞ்சம் மேடு சார். அதான்."

திரும்பிப் பார்த்தோம். தாமிரபரணியின் கடைமடை நிலம் அது. ஆறு ஆயிரமாயிரம் ஆண்டாக வண்டலைப் பரப்பிப் பலகைபோல் சமமாக்கி வைத்த நிலம். ஒரு கோலிக்குண்டை வைத்தால் எந்தப் பக்கம் உருள்வதென்று யோசிக்கும். அங்கே மேடு எங்கே இருக்கிறது?

அவள் எங்களைப் பார்க்கவில்லை. கைப்பிடியில் இருந்த மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோழியர் அவளைத் தனியே அழைத்துப் பேசினார். "அக்கா, நீங்க போயிருவீங்க. நாங்க இங்கதான இருக்கணும்?" என்றாளாம்.

தெருமுனைத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் மெல்லக் கேட்டோம். மரியாதையானவர், எங்களை அமரச் சொன்னார், தேநீருக்குக் காசு வாங்க விடவில்லை. "இறங்கச் சொல்லி யாரும் சொல்லலியே, சாரவாள்? அவங்களா இறங்குறாங்க. எங்க அப்பா காலத்துல சொன்னது. இப்ப யாரு சொல்லுதா?" என்றார். பொய் சொல்லவில்லை அவர். அதுதான் கொடுமை. சொன்னவன் செத்துப் போனான், சொல் சாகவில்லை. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் ஒரு சட்டம், 1989இல் ஒரு சட்டம். சொல்கிறவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. யாரும் சொல்லாத கட்டளையை எந்தக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது? எங்களுக்குக் கண்ணாடிக் குவளையில் தேநீர் வந்தது. குடியிருப்பிலிருந்து வந்த கூலித்தொழிலாளி ஒருவருக்குக் காகிதக் குவளையில் கொடுத்தார்கள். இரட்டைக் குவளை ஒழிந்தது என்று கணக்கு எழுதுவோர் இதை எந்தப் பக்கத்தில் எழுதுவார்களோ!

வைக்கம் நினைவுக்கு வந்தது. 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய அந்தப் போர் கோயிலுக்குள் நுழைய அல்ல. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்க. பெரியார் அங்கே இருமுறை சிறை சென்றார். 1925 நவம்பரில் முடிவுற்றபோதும் கிழக்குத் தெரு அடைபட்டே இருந்தது. நூறாண்டு கழிந்தது. நடக்கும் உரிமை வந்தது. நடந்து மட்டும் போகும் நிலை சில தெருக்களில் தங்கிவிட்டது. மிதிவண்டியின் இருக்கையில் அமர்ந்தால் தலை ஒரு முழம் உயர்கிறது. திண்ணையில் இருப்பவன் தலைக்கு மேல் தெருவில் போகிறவள் தலை. அந்த ஒரு முழம்தான் மேடு!

பெண்ணென்றால் அந்த மேடு இன்னும் ஒரு முழம் கூடும். புதுக்கோட்டையில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்துக் கற்பித்தது. கல்லுடைக்கும் பெண்களும் கூலிவேலைப் பெண்களும் ஆயிரக்கணக்கில் வண்டியேறினார்கள். ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் தனியாக ஒருத்தி ஏறினால் ஏளனம் செய்யலாம்; ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் ஏறினால் ஏளனம் செய்ய யாரை வைத்துக்கொள்வது?

இந்தக் கதையைத்தான் தோழியர் அந்த மாணவிக்குச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. செய் என்று சொல்லவில்லை. நாங்கள் துணைக்கு வருகிறோம் என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் துணைக்குப் போய், மூன்றாம் நாள் அவளைத் தனியே விடுவது தொண்டாகாது.

ஏரல் பாலத்தில் ஆற்றைக் கடந்தோம். 2023இல் வெள்ளம் இதன் இணைப்புச் சாலையை அரித்து ஊரைத் துண்டித்தது. வடகரையில் வெற்றிலைக் கொடிக்கால்களின் ஓரமாகக் கொற்கை. கடல் எங்கே என்று தேடினால் ஆறு ஏழு கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. பாண்டியரின் பெருந்துறை, கிரேக்கக் கடலோடிகள் குறித்து வைத்த முத்துத் துறை, இன்று வயல் நடுவே ஒரு சிற்றூர். 1968இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை இங்கே தோண்டியது, கி.மு. 785 அளவிலான கரி கிடைத்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் துறையைத் தூர்த்தது. துறை பழையகாயலுக்குப் போனது; 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டது அந்தக் காயலைத்தான். அதுவும் தூர்ந்தது. புன்னைக்காயல் எழுந்தது, பிறகு தூத்துக்குடி. எந்தத் தெய்வமும் சாபமிடவில்லை. சேறுதான்.

முத்தும் போயிற்று. தூத்துக்குடிக் கடலில் கடைசிச் சலாபம் 1961இல். கல்லைக் காலில் கட்டி, மூச்சடக்கி மூழ்கிய பரதவர் கைக்கு வந்தது கூலி. முத்து வேறு கைக்குப் போனது. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். சுறா கடிக்காதிருக்க மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' என்று ஒருவர் கரையில் அமர்ந்திருப்பார். கடலுக்குள் இறங்காத அவருக்கும் சிப்பியில் பங்கு உண்டு. வெள்ளை அரசாங்கமே அதை ஒப்புக்கொண்டிருந்தது. மூழ்கியவனுக்கு ஒரு பங்கு, முணுமுணுத்தவனுக்கு ஒரு பங்கு! சுறா இதை அறிந்திருந்தால் சிரித்திருக்கும்.

முக்காணி, பழையகாயல், உப்பளம், எதிர்காற்று, வீடு. வழியின் இந்தக் கடைசிப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாலைக் கடற்காற்று முகத்தில் அடிக்க, பேச்சின்றி மிதித்தோம்.

படம் வரைய உட்கார்ந்தபோதுதான் வாதம் வந்தது. குளங்களை நீலத்தில் வரைந்தோம்; மடையும் மறுகாலும் குறித்தோம்; நல்ல நிழல், குடிநீர், பஞ்சர் கடை ஆகியவற்றுக்கு அடையாளம் இட்டோம். அந்த ஊரை என்ன செய்வது? ஊரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டாம் என்றார் ஒரு தோழர். மறைத்தால் படம் பொய் என்றார் சட்டம் படிப்பவர். முடிவில் ஒரு அட்டவணை சேர்த்தோம். ஒவ்வொரு தெருவுக்கும் எதிரே மூன்று கேள்வி. இந்தத் தெருவில் எல்லோரும் ஏறிச் செல்கிறார்களா? தேநீர் எல்லோருக்கும் ஒரே குவளையிலா? இருட்டிய பின் பெண் தனியே வண்டியில் வர முடியுமா? 'இல்லை' என்ற விடை வந்த இடத்தில், நிலப்படத்தில் மலைக்குப் போடும் குறியைப் போட்டோம். கடைமடைச் சமவெளியில் எங்கள் படத்தில் ஏழு மலைகள் எழுந்தன. அஞ்சுவோர் அஞ்சட்டும் என்று விடவில்லை. அந்தந்த ஊர் இளைஞர்களிடமே காட்டி, சரிதானா என்று கேட்டுத் திருத்தினோம். இரண்டு ஊர் இளைஞர்கள், அவர்களில் பெரிய தெருவைச் சேர்ந்தவர்களும் உண்டு, தங்கள் குறியை நீக்கக் கோரவில்லை. நீக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள்.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் வாரத்தில் பெரிய தெரு வழியாக எட்டு மிதிவண்டிகள் வந்தன. எட்டும் பெண்கள்; எட்டும் குளக்கரைக் குடியிருப்பு. இறங்கவில்லை. நாங்கள் யாரும் அங்கே இல்லை. எங்களுக்குச் சொல்லவும் இல்லை. மூன்றாம் நாள் இரண்டு வண்டியின் டயர் கிழிக்கப்பட்டிருந்தது. நான்காம் நாள் ஆறு வண்டியில் எட்டுப் பேர் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் பள்ளிக்குப் புகார் ஒன்று வந்தது. என்ன புகார்? பிள்ளைகள் தெருவில் மணியடித்துக்கொண்டு போகிறார்கள், தூக்கம் கெடுகிறது! காலை எட்டரை மணிக்குத் தூக்கம்! பெற்றோர் கூட்டத்தில் அது படிக்கப்பட்டது. அப்போது மடைக்குடும்பர் எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. "மணி அடிக்காமப் போனா ஆள் மேல இடிக்கும்யா. அடிக்கச் சொன்னதே நாந்தான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இப்போது எட்டில் ஐந்து பேர் ஏறியே வருகிறார்கள். இருவர் பெற்றோர் அஞ்சிக் கரைவழியே அனுப்புகிறார்கள். சுற்று வழி, இரண்டு மடங்கு தொலைவு. ஒருத்தி தெருவின் பாதிவரை ஏறி, ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு முன் மட்டும் இறங்குகிறாளாம். படத்தில் அந்த ஊரின் மலைக்குறியை நாங்கள் அழிக்கவில்லை. உயரத்தைக் குறைத்து வரைந்திருக்கிறோம்.

படத்தின் படி எங்கள் படிப்பகத்தில் கிடைக்கும். அடுத்த பயணம் தை 2, திருவள்ளுவர் நாள், காலை ஐந்து மணிக்குக் கோரம்பள்ளம் குளத்து மறுகாலருகே தொடங்கும். இம்முறை தென்காலைத் தொடர்ந்து ஆத்தூர்க் குளம் வழியாகப் புன்னைக்காயல் முகத்துவாரம் வரை. பிசான நடவு முடிந்து குளங்கள் நிறைந்திருக்கும் நேரம். வரும் தோழர்கள் பம்பும் ஒட்டுச் சாமானும் கொண்டு வருக. மணி கட்டாயம்.